பழைய புல்லட் 350: டைமிங், மிக்சர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரில் தயாரான வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 346 சிசி, 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி வரவழைக்கும் தொடுமுனைகள்) வைத்த இக்னிஷன், மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர். உங்கள் வண்டியில் எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால் பாயிண்ட் பற்றிய பகுதியை விட்டுவிடலாம். கார்புரேட்டர் பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

வண்டி சரியாக ஓடவில்லை. முதலில் கார்புரேட்டரைக் கழற்றலாமா?

வேண்டாம். வண்டி கொஞ்சம் இழுத்தாலே பட்டறையில் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, எளிதில் கழன்று வருகிறது, பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் வேலை செய்தது போலத் தெரிகிறது. என் 1989 மாடல் வண்டி சூடானதும் நின்றுவிடும். ஒரு பட்டறையில் மூன்று முறை கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார்கள். மூன்று முறையும் வீட்டுக்கு வரும் வழியிலேயே நின்றது. கடைசியில் பார்த்தால் கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காக்கும் மின்தேக்கி) போயிருந்தது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் டேப்பட் (வால்வுகளைத் திறக்கும் புஷ்ராடு தண்டுகளின் அளவு), அடுத்து பாயிண்ட் இடைவெளி, அதற்கடுத்து டைமிங் (பொறி விழும் நேரம்), எல்லாம் முடிந்த பிறகே கார்புரேட்டர். டேப்பட் தவறாக இருந்தால் கம்ப்ரஷன் சரியாக இருக்காது. பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் சேர்ந்து மாறிவிடும். டைமிங் சரியில்லாதபோது மிக்சரை (பெட்ரோல்-காற்றுக் கலவையை) மாற்றினால் ஒரு தவறை மூட இன்னொரு தவறு செய்ததாகிவிடும். அப்புறம் எது எங்கே கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

டேப்பட் எவ்வளவு இருக்க வேண்டும்?

இந்த இன்ஜினில் இடைவெளி கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே இருக்கும் நிலையில், இரண்டு புஷ்ராடும் விரலால் உருட்டினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. வலப்பக்கம் சிலிண்டரின் அடியில் உள்ள சின்ன மூடியைத் திறந்தால் புஷ்ராடுகள் தெரியும். சூடான இன்ஜினில் இதைச் செய்யாதீர்கள்.

பாயிண்ட் இடைவெளி?

0.35 முதல் 0.40 மி.மீ. கேம் பாயிண்டை முழுதாகத் திறந்து வைத்திருக்கும் இடத்தில் ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும், இழுத்துப் பிடிக்கக் கூடாது. அதற்கு முன்பே பாயிண்டின் முகத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருந்தால் ஃபீலர் கேஜ் மேட்டைத்தான் அளக்கும், உண்மையான இடைவெளியை அளக்காது. நைசான வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமமாக்கி, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு அளவெடுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் புது பாயிண்ட் போடுவதே நல்லது. பாயிண்ட் கருநீலமாக எரிந்து போயிருந்தால் கண்டென்சரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கேமின் மேல் உரசும் ஃபைபர் பாதம் ஓட ஓடத் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், அதாவது டைமிங் ரிட்டார்ட் ஆகும். யாரும் தொடாமலே வண்டி மெல்ல மெல்லச் சோம்பலாவதற்கு இதுதான் காரணம். கேமில் ஒரு துளி கிரீஸ் வையுங்கள். துளிக்கு மேல் வைத்தால் தெறித்துப் பாயிண்டில் ஒட்டும்.

இந்த வண்டிக்கு டைமிங் எவ்வளவு?

ஆட்டோ அட்வான்ஸ் (வேகம் கூடக் கூடப் பொறியை முன்னதாக்கும், எடைகளும் ஸ்பிரிங்கும் கொண்ட பாகம்) உள்ள புல்லட்டில் எடைகள் முழுதாகச் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். கிராங்க் கணக்கில் சுமார் 10 டிகிரி. இது ஐடிலுக்கான அளவு, அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடும் நிலைக்கானது. வேகம் கூடும்போது ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் விரிந்து மீதியைக் கூட்டிக்கொடுக்கும்.

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே ஏன் பொறி வேண்டும் என்று புதிதாகப் பழகுபவர்கள் கேட்பார்கள். பெட்ரோல் கலவை வெடிப்பதில்லை, எரிகிறது. எரிந்து பரவச் சிறிது நேரம் தேவை. பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கும்போது அழுத்தம் அதிகபட்சமாக இருந்தால்தான் முழு உதையும் கிராங்கில் விழும். வேகமாக ஓடும்போதும் எரிய ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகிறது, ஆனால் அதற்குள் பிஸ்டன் அதிக தூரம் போய்விடுகிறது. அதனால்தான் வேகத்தில் பொறி இன்னும் முன்னதாக வர வேண்டியிருக்கிறது.

டைமிங் லைட், டயல் கேஜ் எதுவும் இல்லை. வீட்டில் வைக்க முடியுமா?

முடியும். புல்லட்டின் ஹெட்லைட் கூட்டில் ஒரு அம்மீட்டர் இருக்கிறதே, அதுவே போதும்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்பக்கம் சுற்றினால் இன்ஜின் மெதுவாக, நீங்கள் விரும்பும் இடத்தில் நிற்கும்படி சுற்றும். கிக்கரால் இந்த நுணுக்கம் வராது. பிளக் ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். அப்போது இரண்டு புஷ்ராடும் தளர்வாக இருக்கும்.

இப்போது ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியைப் பிளக் ஓட்டை வழியாகப் பிஸ்டன் மேல் நிற்கும்படி விடுங்கள். கம்பியை விரலிடுக்கில் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடித்தால் வளைந்து சிக்கும். கம்பி ஏறி, நின்று, இறங்கத் தொடங்கும் இடம் உச்சி. உச்சியில் ஓட்டை விளிம்புக்கு நேராகக் கம்பியில் ஒரு கோடு, அதற்கு 0.8 மி.மீ. மேலே இன்னொரு கோடு போடுங்கள். மேல்கோடு விளிம்புக்கு வரும்போது பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும். பிளக் ஓட்டை சாய்ந்திருப்பதால் கம்பியின் அளவு மயிரிழை கூடக்குறைய இருக்கலாம். தொடக்கத்துக்கு அது போதும், மிச்சத்தைச் சாலையில் சரிசெய்யலாம்.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம். சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றிப் பிஸ்டனை நன்றாகக் கீழே இறக்கி, திரும்பவும் முன்னோக்கிச் சுற்றிக்கொண்டு வந்து 0.8 கோட்டில் நிறுத்த வேண்டும். பாயிண்ட் கேமைச் சுற்றுவது ஒன்றோடொன்று கோத்த பல்சக்கரங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஆட்டம் உண்டு. பின்னோக்கி வந்து நிறுத்தினால் அந்த ஆட்டம் முழுதும் உங்கள் அளவில் சேர்ந்துவிடும்.

ஹெட்லைட்டை அணைத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் வழியாகக் கரண்ட் ஓடும், அம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்ந்து நிற்கும். பாயிண்ட் பிளேட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் லேசாகத் தளர்த்தி, பிளேட்டை நூலளவு நகர்த்திக்கொண்டே முள்ளைப் பாருங்கள். ஒரு இடத்தில் முள் சட்டென்று துள்ளி நடுவுக்கு வரும். பாயிண்ட் திறக்கிற கணம் அது. அங்கேயே ஸ்க்ரூவை இறுக்குங்கள். கேம் சுற்றும் திசைக்கு எதிராகப் பிளேட்டை நகர்த்தினால் அட்வான்ஸ், அதே திசையில் நகர்த்தினால் ரிட்டார்ட்.

இறுக்கும்போது பிளேட் கொஞ்சம் நகரத்தான் செய்யும். எனவே மறுபடி பிஸ்டனைக் கீழே இறக்கி, மேலே கொண்டுவந்து, முள் எந்த இடத்தில் துள்ளுகிறது என்று பாருங்கள். எனக்கு இன்றைக்கும் இரண்டு மூன்று முறை ஆகிறது. வேலை முடிந்ததும் சாவியை அணையுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டே கிடந்தால் காயில் சூடாகிப் பேட்டரியும் இறங்கிவிடும்.

அம்மீட்டர் வேலை செய்யவில்லையா? சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளை ஒரு துண்டு கிழித்துப் பாயிண்டுக்கு நடுவே வைத்து லேசாக இழுத்துக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். தாள் வழுக்கி வெளியே வருகிற இடம்தான் பாயிண்ட் திறக்கிற இடம். எடுத்த பிறகு தாளின் தூசு ஒட்டாதபடி துடைத்துவிடுங்கள்.

டைமிங் கூடிப்போனது, குறைந்துபோனது என்று ஓட்டும்போது எப்படித் தெரியும்?

கூடிப்போனால் கிக்கர் திருப்பி அடிக்கும். இந்த இன்ஜினின் கனமான பிளைவீலோடு கிக்கர் திரும்பி அடித்தால் கணுக்காலே போய்விடும், அதனால் இதை அலட்சியப்படுத்தாதீர்கள். செல்ஃப் ஸ்டார்ட் வைத்த மாடல்களில் அந்த அடி ஸ்ப்ராக் கிளட்சில் (ஸ்டார்ட்டர் மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் ஒருவழி கிளட்ச்) போய் விழும். இன்னொரு அடையாளம், மேட்டில் டாப் கியரில் திராட்டிலை (ஆக்சிலேட்டரை) திறக்கும்போது டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல வரும் சத்தம். அது கேட்டும் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் சேதமாகும்.

குறைந்துபோனால் சத்தம் எதுவும் வராது, அதனால் பலர் கவனிப்பதில்லை. வண்டி இழுக்காது, மைலேஜ் இறங்கும், இன்ஜின் சீக்கிரம் கொதிக்கும், சைலென்சர் பைப் ஹெட்டுக்குப் பக்கத்தில் நீலம் பாயும். தாமதமாக எரியத் தொடங்கிய கலவை எரிந்துகொண்டே வெளியேறுவதால் அந்தச் சூடு.

கம்பியில் வைத்த டைமிங்கைச் சாலையில் முடிக்கிற வழி இது. தெரிந்த ஒரு மேட்டைத் தேர்ந்தெடுங்கள். சூடான இன்ஜினில், டாப் கியரில், சுமார் 40 கி.மீ. வேகத்தில் ஏறுங்கள். சரளைச் சத்தம் வந்தால் பிளேட்டை நூலளவு ரிட்டார்ட் பக்கம் நகர்த்துங்கள். வரவில்லை, இழுவையும் நன்றாக இருக்கிறதென்றால் தொடாதீர்கள்.

ஐடிலில் நன்றாக இருக்கிறது, வேகத்தில் சோர்கிறது. டைமிங் சரியாகத்தானே வைத்தேன்?

ஆட்டோ அட்வான்ஸைப் பாருங்கள். கேமை விரலால் பிடித்து ஒரு பக்கம் முறுக்கினால் கொஞ்சம் திரும்ப வேண்டும், விட்டதும் ஸ்பிரிங்கால் பட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். கிரீஸ் காய்ந்து எடைகள் பிடித்துக்கொண்டால் அட்வான்ஸே வராது. ஸ்பிரிங் தொய்ந்துவிட்டால் ஐடிலிலேயே பாதி அட்வான்ஸ் ஆகி, ஐடில் ஏறி இறங்கும். கழுவி, மெல்லிய எண்ணெய் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஸ்பிரிங் மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

சரி, இப்போது கார்புரேட்டர். எந்த ஸ்க்ரூ எதற்கு?

விஎம்24-இல் வெளியிலிருந்து தொடக்கூடியவை இரண்டுதான். பெரியது ஐடில் ஸ்க்ரூ, உள்ளே காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடைத் தூக்கிப் பிடிக்கிறது. ஏர்ஃபில்டர் பக்கம் இருக்கும் சின்னப் பித்தளை ஸ்க்ரூ ஏர் ஸ்க்ரூ. அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவதில்லை, காற்றைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் காற்று கூடி மிக்சர் லீன் ஆகும், உள்ளே திருப்பினால் பெட்ரோல் பங்கு கூடி ரிச் ஆகும். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கும் வேறு கார்புரேட்டர்களில் இது நேர்மாறு. அங்கே பழகிய கை இங்கே தவறு செய்யும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஏர் ஸ்க்ரூ வேலை செய்வது ஐடிலிலும் கால் திராட்டில் வரையிலும் மட்டும். கால் திராட்டிலிலிருந்து முக்கால் வரை ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசியான நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் பெரிய துளை). 70-இல் போகும்போது வண்டி திக்கினால் ஏர் ஸ்க்ரூவைத் திருகிப் பயனில்லை.

ஏர் ஸ்க்ரூ எப்படி வைப்பது?

பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் வைத்த மிக்சர் நிற்காது. ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி, தட்டியதும் நிறுத்துங்கள். அழுத்தி முறுக்கினால் பித்தளை முனை அமுங்கிப் பள்ளம் விழும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ஐடிலைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

இப்போது கால் சுற்று உள்ளே. பிறகு காத்திருங்கள். கனமான பிளைவீல் என்பதால் மாற்றம் காதுக்குத் தெரிய ஐந்து முதல் பத்து வினாடி ஆகும். பலரும் பொறுமையில்லாமல் திருகிக்கொண்டே போய்விடுகிறார்கள். ரிச் ஆகும்போது அடி கனத்து, உருண்டு, சைலென்சரில் ஈரமாக ஒலிக்கும். லீன் பக்கம் போகும்போது அடி கூர்மையாகி, ஒவ்வொரு அடிக்கும் இடையே தடுமாற்றம் வரும், சில நேரம் கார்புரேட்டர் வழியாகத் தும்மும். இரண்டுக்கும் நடுவே, எதுவும் செய்யாமலே ஐடில் தானாக ஏறும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்திலிருந்து அரைக்கால் சுற்று உள்ளே வைத்து, ஐடிலைத் தேவைக்குக் குறையுங்கள். திராட்டிலைச் சட்டென்று திறந்தால் தயங்காமல் எழ வேண்டும்.

நல்ல இடம் மூன்று சுற்றுக்கு வெளியே கிடைத்தால் பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் சின்னத் துளை) தேவையைவிடப் பெரியது. அரைச் சுற்றுக்குள் கிடைத்தால் ஜெட் சிறியது, அல்லது அடைத்திருக்கிறது. அடைப்பு என்றால் காற்றடித்தோ மெல்லிய நைலான் இழையாலோ எடுங்கள். கம்பி விட்டுக் குடைந்தால் ஓட்டை பெரிதாகி அந்த ஜெட் வீணாகிவிடும்.

எவ்வளவு திருகினாலும் ஐடில் நிற்கவில்லை.

கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். ஓடும் இன்ஜினில் அந்த இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவினால், கசிவு இருக்கும் பட்சத்தில் ஐடில் உடனே மாறும். பெட்ரோல் தெளித்துச் சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே பொறியும் சூடான பைப்பும் இருக்கும்போது அது கொடிய ஆபத்து. கசிவு இல்லையென்றால் ஸ்லைடைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பல வருடம் ஓடித் தேய்ந்த ஸ்லைடு லடலடவென்று ஆடும், அதன் ஓரமாகக் காற்று நுழையும். அதற்கு டியூனிங் மருந்தில்லை.

ரிச்சா லீனா என்று வேகமாகத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். வண்டி தெளிந்தால் அந்த வேகத்தில் லீன், இன்னும் மோசமானால் ரிச். முழுத் திராட்டிலில் போகும்போது திராட்டிலைக் கொஞ்சம் மூடியதும் வண்டி முன்னே தாவினால் மெயின் ஜெட் லீன்.

அடுத்தது பிளக். நல்ல வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, சாலை வெறிச்சோடியிருக்கும் இடத்தில், கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். ஐடிலில் ஓடவிட்டு எடுத்த பிளக் ஐடிலை மட்டுமே சொல்லும். பீங்கான் ரஸ்க் நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளையாகப் பொரிந்திருந்தால் லீன், கரிப்பொடி படிந்திருந்தால் ரிச், எண்ணெயாகப் பளபளத்தால் ரிங்கையோ வால்வு கைடையோ பார்க்க வேண்டும். 2000-இல் நாடு முழுதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்த பிறகு பிளக்கின் நிறம் முன்புபோல அழுத்தமாக விழுவதில்லை. பழைய மெக்கானிக்குகள் சொல்லும் காப்பிநிறத்தை எதிர்பார்த்து ரிச் ஆக்கிவிடாதீர்கள்.

நடு வேகத்தில் லீன் என்றால் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். கிளிப் இறங்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும்.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு என்ன செய்ய வேண்டும்?

முழுமையாக எரிய எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோவுக்கு சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 13.5 கிலோ போதும். பெட்ரோல் மாறியது என்று கார்புரேட்டருக்குத் தெரியாது, பழைய அளவுக்கே காற்றை விடும். அதனால் நேற்று சரியாக இருந்த வண்டி இன்று லீன். காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், திராட்டிலை மூடும்போது சைலென்சரில் டப் டப், இன்ஜினில் கூடுதல் சூடு என்றெல்லாம் தெரியும். பெரும்பாலும் நீடில் கிளிப் ஒரு பள்ளம் கீழே, ஏர் ஸ்க்ரூ கால் சுற்று உள்ளே, இவ்வளவில் சரியாகிவிடும். முழுத் திராட்டிலிலும் பிளக் வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு எண் ஏற்றுங்கள்.

டியூப், பெட்ரோல் காக் வாஷர், புளோட் பவுல் கேஸ்கெட் ஆகியவற்றையும் அடிக்கடி பாருங்கள். பழைய ரப்பர் ஊறி இளகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், எனவே வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் பவுலில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

ஊட்டிக்குப் போகும்போது மாற்ற வேண்டுமா?

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது, வண்டி ரிச் ஆகும். இரண்டு நாள் பயணத்துக்கு ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்தால் போதும், இறங்கியதும் மறக்காமல் திருப்பி வையுங்கள். சமவெளியில் அப்படியே ஓட்டினால் லீன்.

ஐடிலை எவ்வளவு குறைவாக வைக்கலாம்? அந்தத் தட்-தட் சத்தம் வேண்டும்.

எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு அடியையும் எண்ணும் அளவுக்கு இறக்கி வைப்பவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. எண்ணெய் பம்ப் இன்ஜின் வேகத்துக்கு ஏற்பத்தான் ஓடுகிறது. அத்தனை மெதுவாக ஓடினால் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்கில் சேரும் பேரிங்) எண்ணெய் போதாது, பேட்டரியும் சார்ஜ் ஆகாது. சிக்னலில் நிற்கும்போது அம்மீட்டர் முள் விட்டுவிட்டு ஆடி, இன்ஜின் அணைந்துவிடுமோ என்ற பயம் இல்லாமல் ஓடுகிற அளவில் வையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? நீண்ட பயணத்துக்கு என்ன எடுத்துக்கொள்வது?

புது பாயிண்ட் போட்டால் முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை கட்டாயம் பாருங்கள், புதுப் பாதம் அப்போதுதான் வேகமாகத் தேயும். பிறகு மூவாயிரத்துக்கு ஒருமுறை போதும். மிக்சரைப் பருவத்துக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம். எனக்கு வெளியூர்ப் பயணம் என்றால் சைடு பெட்டியில் ஒரு பிளக், ஏற்கெனவே சமன் செய்து வைத்த பாயிண்ட் ஒரு செட், ஒரு கண்டென்சர், ஃபீலர் கேஜ், சின்ன ஸ்க்ரூ டிரைவர், கோடு போட்ட அந்தப் போக்ஸ் கம்பி. கம்பியை ஒரு துணியில் சுற்றி வையுங்கள், வளைந்தால் அளவு போய்விடும்.